விளையாட்டுப் பொறி வாணிகத்தில் காலம் அறிதல்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், கள்ளக்குறிச்சியில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எனக்கு இடப்பட்ட பொருள் தமிழாசிரியன் ஒருவன் பேசுதற்கு உரியதுதானா எனச் சிலர் ஐயுறலாம். ஐயம் நீங்க, அது எழுந்த வரலாற்றை முதற்கண் கூறிவிடுகின்றேன். நம் இளைஞர் ஐவர், சங்கத்தின் தொழில் நிதியினின்று கடன் பெற்று, இந்நகரிலே விளையாட்டுப் பொறிகளை வைத்து, மணிக்கணக்கிற் கட்டணம் பெற்று ஆடவிடும் நிலையம் ஒன்று தொடங்க விண்ணப்பித்துள்ளனர். நிர்வாக சபையில் இது பற்றிக் கருத்து இரண்டாகப் பிரிந்தது. 'இப்பொழுதுள்ள பொறியை வாங்கினால், புதுப்பொறி வந்த அன்றே இது பழம்பாண்டமாகும். பொறுத்திருப்பதே தக்கது' என்றனர் ஒரு சாரார். 'நாம் பொறுத்திருந்தால் பிறன் முந்திக்கொள்வான்' என்றனர் மற்றொரு சாரார். வாதம் முற்றும் காலத்தைப் பற்றியதாகவே இருந்தமையால், 'காலமறிதல் என்று ஓர் அதிகாரமே உள்ளதே, அதைப் படித்தவர் சொல்லட்டும்' என்று தலைவர் அவர்கள் என்பக்கம் விரலை நீட்டிவிட்டார்கள். தொழில் நிதியோ கரும்புக் காசிலும் மரவள்ளிக் காசிலும் கடைக் காசிலும் சிறுகச் சிறுக நம்மவர் சேர்த்தது. ஆகவே விளையாட்டைப் பற்றிய பேச்சாயினும் விளையாட்டாகப் பேசுதற்கில்லை.

விளையாட்டுப் பொறி என்பதை இங்குள்ள தாய்மார் பலர் தம் வீட்டிலோ அயல்வீட்டிலோ கண்டிருப்பீர்கள். தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து, கைப்பிடி ஒன்றைப் பற்றி ஆடுவது. இதனைச் செய்வோர் உலகில் மிகச் சிலரே. ஜப்பானியராகிய சோனி கம்பெனியார், நின்டெண்டோ கம்பெனியார், அமெரிக்கராகிய மைக்ரோஸாப்ட் கம்பெனியார் ஆகிய மூவரும் இன்று முன்னிற்பவர். சேகா என்னும் ஜப்பானியக் கம்பெனியார் முன்னொரு காலத்தில் இவ்வரிசையில் இருந்தவர். ஏறக்குறைய ஐந்தாண்டு முதல் எட்டாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் புதுப்பொறி வெளியிடுவர். பொறியிற் பெறும் ஊதியம் சிறிது; சிலபோது நட்டத்திற்கே விற்பர். ஊதியம் அதில் ஆடும் ஆட்டங்களின் விற்பனையால் வருவது. ஆட்டங்களை இயற்றுவோரோ, எப்பொறியை மிகுதியான மக்கள் வாங்கினரோ அப்பொறிக்கே இயற்றுவர். மக்களும், எப்பொறிக்கு ஆட்டங்கள் மிகுதியோ அதனையே வாங்குவர். நம் ஊர்ச் சந்தையின் இயல்பும் இதுவேயன்றோ? விற்போர் கூடுமிடத்தில் வாங்குவோர் கூடுவர். வாங்குவோர் கூடுமிடத்தில் விற்போர் கூடுவர். முதலிற் கூட்டம் சேர்ந்த சந்தை நிலைக்கும். சேராதது புல் முளைத்துப் போகும். இதனால்தான் இவ்வாணிகத்தில் வெளியிடும் நாள் அத்துணைப் பெரிதாகின்றது.

இனி, நாள் பார்த்ததில் முந்திக் கெட்டவர் கதையைக் கேளுங்கள்.

1994-ஆம் ஆண்டு நவம்பர் 22-ந் தேதி சேகா கம்பெனியார் 'சாட்டர்ன்' என்னும் பொறியை ஜப்பானில் வெளியிட்டனர். பதினொரு நாள் கழித்து, டிசம்பர் 3-ந் தேதி, அதுவரை இத்துறையிற் பொறி செய்தறியாத சோனி கம்பெனியார் 'பிளேஸ்டேஷன்' என்பதை வெளியிட்டனர். அமெரிக்காவில் இவ்விரண்டும் 1995-ஆம் ஆண்டு செப்டம்பரில் வருவதாக இருந்தன. சேகா குறித்த நாள் செப்டம்பர் 2. சோனி குறித்தது 9. ஒரு கிழமை முன்னிற்பது போதாதென்று சேகா கம்பெனியார் கருதினர் போலும். 1995 மே 11-ந் தேதி, லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் முதன்முறையாக நடந்த இ-3 என்னும் பெருங்காட்சியில், சேகாவின் அமெரிக்கக் கிளைத் தலைவர் டாம் கலின்ஸ்கி மேடையேறி, 'சாட்டர்ன் செப்டம்பரில் அன்று, இன்றே கடைகளில் உள்ளது. விலை 399 டாலர்' என்று அறிவித்தார். போட்டியாளர் திகைப்பர், தாம் நான்கு மாதம் தனித்து விற்கலாம் என்பது கணக்கு.

நிகழ்ந்தது வேறு. அன்று கையிலிருந்த பொறிகள் ஏறக்குறைய 30,000 மட்டுமே. அவற்றை நான்கு கடைக் கூட்டத்தார்க்கு மாத்திரமே அனுப்பியிருந்தனர், விடப்பட்ட வணிகர் சினந்தனர், அவருள் கே.பி. டாய்ஸ் என்னும் பெருங்கடையார் அப்பொறியை விற்கவே மறுத்துவிட்டனர். ஆட்டம் இயற்றுவோர் செப்டம்பரை நோக்கியே வேலை செய்துகொண்டிருந்தமையால், மே மாதத்திற் பொறியோடு வந்த ஆட்டங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கனவே. பொறி வாங்கியவன் ஆட ஆட்டமின்றி இருந்தான். சோனி கம்பெனியார் செய்தது யாது? அதே காட்சியில் அவர்தம் அமெரிக்கத் தலைவர் ஸ்டீவ் ரேஸ் மேடைக்கு வந்தார், '299' என்று ஓர் எண்ணை மட்டும் உரைத்தார், இறங்கிப் போய்விட்டார். நூறு டாலர் குறைவு! அதன்பின் நான்கு மாதம் பொறுத்திருக்க வாங்குவோர்க்கு என்ன வருத்தம்? முடிவில் சாட்டர்ன் உலகமெங்கும் விற்றது ஏறக்குறைய 92 இலட்சம்; பிளேஸ்டேஷன் 10 கோடிக்கு மேல்.

திருக்குறளைக் கையிற் கொண்டவர்கள் அதிகார வரிசையைச் சற்றே நோக்குக. காலமறிதல் நாற்பத்தொன்பதாம் அதிகாரம். அதற்கு முன் நிற்பது எது? வலியறிதல், நாற்பத்தெட்டு. பின் நிற்பது இடனறிதல், ஐம்பது. காலத்தை அறியுமுன் வலியை அறிக என்பதே இவ்வரிசையாற் பெறப்படும் கருத்து என யான் கொள்கின்றேன். பகற்போதிற் காக்கை கூகையை வெல்லும் என்னும் உவமையை யாவரும் அறிவீர். அங்கும் காக்கைக்கு அலகும் சிறகும் உண்டு என்பது சொல்லாமலே அடங்கியுள்ளது. சிறகு முளையாத குஞ்சுக்குப் பகல் வந்தும் பயனில்லை. சேகா கம்பெனியார் பகலைக் கண்டனர், சிறகைப் பார்க்கவில்லை.

இதனை நம் மரவள்ளி பயிரிடுவோர் என்னினும் நன்கறிவர். கல்வராயன் மலையிலும் சின்னசேலம் பக்கத்திலும் கிழங்கிட்டவன், பிறர் வெட்டுமுன் வெட்டினால் நல்ல விலை கிடைக்குமென்று பருவத்திற்கு முன்னரே வெட்டி லாரியில் ஏற்றுகின்றான். ஆலையில் மாவுச்சத்துப் பாயிண்டு பார்க்கின்றனர். கிழங்கு முற்றவில்லை, பாயிண்டு குறைகின்றது, விலையும் குறைகின்றது. மற்றொருவன் முற்றட்டும் முற்றட்டும் என்றிருந்து, ஊரார் அனைவரும் வெட்டும் அதே கிழமையில் தானும் வெட்டுகின்றான். வரத்து மிகுந்து விலை சரிகின்றது. இருவருள் எவனைக் காலம் அறியாதவன் என்பது? முன்னவனுக்குக் குறைந்தது காலமன்று, கிழங்கின் வலி.

சேகா கம்பெனியார்க்கு இன்னொரு வாய்ப்பும் வந்தது. 'ட்ரீம்காஸ்ட்' என்னும் அடுத்த பொறியை ஜப்பானில் 1998 நவம்பரிலும், அமெரிக்காவில் 1999 செப்டம்பர் 9-ந் தேதியிலும் வெளியிட்டனர். ஒன்பது, ஒன்பது, தொண்ணூற்றொன்பது என்று எண் பொருந்திய நாள்! நம் சோதிடர் கூட மெச்சியிருப்பர். இம்முறை ஆட்டங்கள் பதினெட்டுக்குக் குறையாமல் ஆயத்தமாயிருந்தன. முதல் இருபத்துநான்கு மணி நேரத்தில் 2 இலட்சத்து 25 ஆயிரம் பொறிகள் விற்றன. ஆயினும் இதுவும் வீழ்ந்தது. ஏன்? அந்த 1999-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலேயே சோனி கம்பெனியார், 'எம் இரண்டாம் பிளேஸ்டேஷன் வருகின்றது. பழைய ஆட்டங்களும் அதில் ஆடும். திரைப்படத் தட்டும் அதில் ஓடும்' என்று கூறிவிட்டனர். பொருள் கைக்கு வந்தது ஜப்பானில் 2000 மார்ச்சு 4-ந் தேதி, அமெரிக்காவில் அக்டோபர் 26-ந் தேதி. ஓராண்டுக்கும் மேலாக வெறும் சொல்லே கடையில் விற்றது எனலாம். வாங்க எண்ணியவன் பணத்தை முடிந்துகொண்டு காத்திருந்தான். 2001 ஜனவரி 31-ந் தேதி சேகா கம்பெனியார் பொறி செய்தலையே விட்டுவிடுவதாக அறிவித்தனர். சோனியாரின் அப்பொறியோ 15 கோடிக்கு மேல் விற்று, இத்துறையில் எக்காலத்தும் மிகுதியாக விற்றதாக எண்ணப்படுகின்றது.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. வெறுஞ்சொல் எவர் சொல்லினும் விற்காது. முன் பிளேஸ்டேஷனில் மக்கள் நம்பிக்கை வைத்திருந்தமையால்தான் சோனியாரின் சொல்லுக்கு விலை இருந்தது. சாட்டர்னில் அடிபட்ட வணிகரும் வாங்குவோரும் சேகாவின் நல்ல பொறியையும் ஐயத்தோடே நோக்கினர். மாற்றான் வலியும் துணைவலியும் தூக்குக என்னும் அறிவுரையின் பொருள் இவ்விடத்தே விளங்குகின்றது.

அங்ஙனமாயின் முந்துதல் என்றும் தீதோ எனின், அன்று. 2005 நவம்பர் 22-ந் தேதி மைக்ரோஸாப்ட் கம்பெனியார் 'எக்ஸ்பாக்ஸ் 360' என்பதைச் சோனியாரினும் ஓராண்டு முன்னதாக வெளியிட்டனர். அவசரத்தின் குறை அதிலும் இருந்தது. மூன்று சிவப்பு விளக்கு எரிந்து பொறி உயிரற்றுப்போகும் நோய் பரவியது. 2007 ஜூலையில் அக்கம்பெனியார் மூன்றாண்டு உத்தரவாதம் அளித்து, அதற்கென நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கினர். நூறு கோடி டாலர்! சேகாவுக்கு இப்படியொரு செலவு நேர்ந்திருப்பின் அன்றே கடை அடைத்திருப்பர். மைக்ரோஸாப்டார் தாங்கினர், தாங்கியதனால் முந்திய பயனும் அவரைச் சேர்ந்தது. சோனியார் மூன்றாம் பிளேஸ்டேஷனை 599 டாலர் என்னும் பெருவிலையோடு 2006 நவம்பரிற் கொணர்ந்து, நெடுங்காலம் பின்தங்கியே ஓடினர். பிழை ஒன்றே, வலி வேறாதலின் பயன் வேறாயிற்று. இளைஞர்களே, பெருங்கம்பெனியாரின் துணிவைக் கண்டு நாமும் அவ்வாறே துணிவோம் என்பார்க்கு இதனை நினைவூட்டுக.

நின்டெண்டோ கம்பெனியாரைப் பற்றி ஒரு சொல். அவர் 2012 நவம்பரில் 'வீ யூ' என்னும் பொறியைப் போட்டியாளர் இருவரினும் ஓராண்டு முன் வெளியிட்டும் 1 கோடியே 35 இலட்சமே விற்றனர்; இது புதுப்பொறியா, பழம்பொறியின் துணைக்கருவியா என்றே பலர்க்கு விளங்கவில்லை. அடுத்த 'ஸ்விட்ச்' என்பதை, கிறிஸ்துமஸ் விற்பனை முடிந்து கடைகள் ஓய்ந்திருக்கும் 2017 மார்ச்சு 3-ந் தேதி வெளியிட்டனர். பண்டிகையன்று, பருவமன்று, எனினும் நல்லதோர் ஆட்டம் உடன்வந்தது. அது 15 கோடியைக் கடந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நமக்கு இக்கம்பெனியார் முன்னாளில் அளித்த மதிப்பு சிறிது. 1995 ஏப்ரலில் சேகா கம்பெனியார், இறக்குமதி வரி நூற்றுக்கு எண்பது என்றிருந்தமையால், ஷா வாலஸ் கம்பெனியார் வாயிலாகத் தம் 'மெகா டிரைவ்' பொறியை இந்தியாவில் விற்கலாயினர். விலை 18,000 ரூபாய். அப்பொறி ஜப்பானில் வெளிவந்தது 1988-ல். அடுத்த மாதம் அமெரிக்காவில் சாட்டர்ன் மேடையேற, ஏழாண்டுப் பழம்பொறி இங்கே புதுச்சரக்காயிற்று. பந்தி முடிந்தபின் இலை போட்டாற்போல என்று கூறலாம்.

பின்னர் நிலை மாறத் தொடங்கிற்று. எக்ஸ்பாக்ஸ் 360 இங்கு வந்தது 2006 செப்டம்பர் 25-ந் தேதி. அவ்வாண்டுத் தீபாவளிக்கு ஏறக்குறைய நான்கு கிழமை முன்பு. மூன்றாம் பிளேஸ்டேஷன் 2007 ஏப்ரலில், 39,990 ரூபாய் விலையில் வந்தது. நான்காம் பிளேஸ்டேஷனின் வரலாறே சுவையுடையது. அமெரிக்காவில் 2013 நவம்பர் 15-ந் தேதியும், இந்தியாவில் 2014 ஜனவரி 6-ந் தேதியும் வெளியிட்ட சோனியார், தம் தாய்நாடாகிய ஜப்பானில் பிப்ரவரி 22-ந் தேதியே வெளியிட்டனர். பொங்கலுக்கு ஒரு கிழமை முன் நமக்கு வந்த பொருள், டோக்கியோ நகரத்தார்க்கு மாசி மாதத்தில்தான் கிடைத்தது! போட்டிப்பொறியாகிய எக்ஸ்பாக்ஸ் ஒன் இந்தியாவில் வந்தது 2014 செப்டம்பர் 23-ந் தேதி. எட்டு மாதத்திற்கு மேல் சோனியார்க்கு இங்கே எதிரியே இல்லை. சேகா கம்பெனியார் நான்கு மாதத் தனிவிற்பனையை விரும்பிக் கெட்டனர். சோனியாரோ கைச்சரக்கோடு வந்து அதன் இரட்டிப்பைப் பெற்றனர்.

2020-ல் இது தலைகீழாயிற்று. அவ்வாண்டு கோடைமுழுதும் இரு கம்பெனியாரும் விலையைக் கூறாது, ஒருவர் வாயை ஒருவர் நோக்கியிருந்தனர். மீனுக்கு நிற்கும் கொக்குகள் இரண்டு எதிரெதிரே நின்றாற்போல. செப்டம்பரில் முதலில் வாய்திறந்தவர் மைக்ரோஸாப்டார். சில நாளில் சோனியார். புது எக்ஸ்பாக்ஸ் உலகமெங்கும் நவம்பர் 10-ந் தேதி வந்தபோது இந்தியாவிலும் அதே நாளில் வந்தது. தீபாவளி 14-ந் தேதி. ஐந்தாம் பிளேஸ்டேஷனோ பிற நாடுகளில் நவம்பரில் வந்தும், இங்கே 2021 பிப்ரவரி 2-ந் தேதிதான் வந்தது. தீபாவளியும் போயிற்று, பொங்கலும் போயிற்று. ஆயினும் ஜனவரி 12-ந் தேதி முன்பதிவு திறந்தபோது சில நிமிடங்களிற் சரக்கு தீர்ந்தது. பொறுக்கமாட்டாதார் சிலர் வெளிநாட்டினின்று வந்த பொறியைக் கூடுதல் விலைக்கு வாங்கியதும் உண்டு. நாள் தவறினும் விரும்பப்படும் பொருள் விலைபோகும் என்பதற்கு இது சான்று. ஆனால் இடையில் நின்றவன் உண்ட பங்கு கம்பெனிக்கும் சேரவில்லை, வாங்கியவனுக்கும் மிஞ்சவில்லை.

இடனறிதலுக்கும் ஒரு சான்று தந்துவிடுகின்றேன். 2024 நவம்பர் 7-ந் தேதி சோனியார் 'பிளேஸ்டேஷன் 5 புரோ' என்னும் உயர்ந்த பொறியை வெளியிட்டனர். இந்தியாவில் அப்பொழுது வெளியிடவில்லை. அப்பொறியின் கம்பியில்லா இணைப்புக்குரிய 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இந்நாட்டில் அன்று அனுமதியின்மையே காரணம் என்றனர். ஆழ்ந்த நீரில் வெல்லும் முதலை கரையில் என் செய்யும்? பொறியும் நன்று, காலமும் நன்று, இடம் ஒவ்வவில்லை.

இனி, நம்முன் உள்ள விண்ணப்பத்திற்கு வருகின்றேன்.

பொறுத்திருக்கச் சொல்வார் கூறும் காரணம், பழைய பொறி விலை இறங்கும் என்பது. முன்னாளில் அது மெய்யே. ஆண்டு செல்லச் செல்ல விலை இறங்குவதே வழக்கமாயிருந்தது. ஆனால் ஐந்தாம் பிளேஸ்டேஷன் இங்கு வந்தபோது 49,990 ரூபாய். 2022 நவம்பரில் அதனை 54,990 ரூபாய் ஆக்கினர். விழாக்காலத் தள்ளுபடி இடையிடையே வந்ததுண்டு எனினும், காத்திருந்தவனுக்குக் கூலி கிடைக்கும் என்னும் பழங்கணக்கு இன்று நிச்சயமன்று. மேலும், நம் இளைஞர் பொறி செய்வோர் அல்லர். பொறியை வைத்து ஆடவிடுவோர். புதுப்பொறி வந்தவுடன் பழைய பொறி ஒரே நாளில் இறந்துபோவதும் இல்லை. ஆட்டம் இயற்றுவோர் சில ஆண்டுகள் இரண்டுக்கும் சேர்த்தே இயற்றுவர். ஆகவே புதுப்பொறிக்கு அஞ்சி நிற்றல் வேண்டா என்பதே என் துணிபு.

ஆனால் முந்த விரும்புவார் கூறும் வேகத்திற்கும் யான் உடன்படேன். விண்ணப்பத்திற் பொறி பத்து என்று எழுதியிருக்கின்றது. பொறியின் விலை எழுதியவர், ஆட்டங்களின் விலை எழுதவில்லை. கைப்பிடி தேய்ந்து உடைந்தால் மாற்றும் செலவு எழுதவில்லை. மின்சாரம் நின்றால் வேண்டும் இன்வெர்ட்டர் எழுதவில்லை. ஆட்டங்களைப் பொதுவிடத்திற் கட்டணத்திற்கு ஆடவிட உரிமையுண்டா என்பதை அவற்றோடு வரும் நிபந்தனைத் தாளிற் படித்தறிந்தாரா என்பதும் தெரியவில்லை. வீட்டு உபயோகத்திற்கு மட்டும் என்று அதில் எழுதியிருப்பது வழக்கம். இவையெல்லாம் வலியறிதலிற் சேர்ந்தவை. பத்துப் பொறியும் ஆட்டமின்றிக் கிடப்பின், அது 1995 மே மாதத்துச் சாட்டர்ன் கடையே. நான்கு பொறியும், பொறிக்கு ஐந்தாறு நல்ல ஆட்டமும், ஓராண்டு வாடகைக்குக் கையிருப்பும் இருந்தால் நிலையம் நிற்கும்.

திறக்கும் நாளைப் பற்றி ஆசிரியன் என்னும் முறையிலும் ஒரு சொல் உண்டு. மார்ச்சு மாதத்தில் திறப்பீராயின் முதல் எதிரி யானே. பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளின் பெற்றோர் உங்கள் வாயிலில் வந்து நிற்பர். அக்கெட்ட பெயர் பின்னர் எத்தள்ளுபடியாலும் நீங்காது. தீபாவளியிற் கையிற் காசு புரளும் என்பது மெய்யே. ஆனால் அக்காசு துணிக்கும் வெடிக்கும் பலகாரத்திற்கும் போகும். அன்று நம் பிள்ளைகள் தெருவில் இருப்பரேயன்றி அறைக்குள் இரார். தேர்வு முடிந்து பள்ளி மூடிய பின், ஏப்ரல் இறுதியே இவ்வூருக்குத் தக்க காலம் என எண்ணுகின்றேன். கோடை வெயிலிற் பிள்ளைகள் நிழல் தேடும் மாதம் அது. விடுமுறைக்கு மாமன் வீடும் பாட்டி வீடும் வந்த வெளியூர்ப் பிள்ளைகளும் நகரில் இருப்பர். இடமும் பள்ளிக்கு அணித்தாக வேண்டா. பேருந்து நிலையத்தின் பக்கம் ஆயினும் குற்றமில்லை.

கடனை ஒரே தவணையில் ஈயாமல் இரண்டாகப் பகுத்து, முதற் பாதியை நான்கு பொறிக்கும் எஞ்சியதை இரண்டாம் கோடைக்கு முன்னும் அளிக்கலாம் என்பதை நிர்வாக சபையார்முன் வைக்கின்றேன். இரண்டாம் பாதி வரும்போது எப்பொறி சிறந்ததென்பதை வாடிக்கையாளரே சொல்லியிருப்பர். சபை இவ்விண்ணப்பத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீண்டும் எடுத்துக்கொள்ளும் எனச் செயலாளர் அவர்கள் கூறியுள்ளார்கள். இளைஞர் ஐவரும் யான் சொன்ன விடுபட்ட செலவுகளை எழுதி, திருத்திய கணக்கோடு அன்று காலை பத்து மணிக்கு வந்து சேர்க.